தூங்குமூஞ்சியை எழுப்பாத நாள்

காலர் அக்காவுக்கு வேலையை விட்டுப் போவதில் ஒரு சொட்டு வருத்தம்கூட இல்லை. முப்பத்தொரு வருஷம் சட்டைத் தொழிற்சாலையில் காலர் மட்டுமே தைத்தவளுக்கு என்ன வருத்தம் வரும்? கை இல்லாத, உடம்பு இல்லாத, பொத்தான் இல்லாத வெறும் காலர். ஒரு நாளைக்கு இருநூறு. முழுச் சட்டை ஒன்றை அவள் தைத்ததே கிடையாது. வீட்டுக்காரருக்குச் சட்டை வேண்டுமென்றால் கடையில்தான் வாங்குவாள். வாங்கும்போது காலரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு வாங்குவாள். மெஷினை விட்டுப் போகலாம். மேனேஜரை விட்டு இன்னும் சந்தோஷமாகப் போகலாம். ரயிலை விட்டுப் போவதுதான் அவளுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

இதை வெளியே சொன்னால் ஜனம் சிரிக்கும். அந்த ஆறு ஐம்பது வண்டிக்கு யாராவது ஆசைப்படுவார்களா? பாதி நாள் ஏழு மணிக்குத்தான் வரும். ஏன் தாமதம் என்று ஒலிபெருக்கியில் ஒரு அம்மா சொல்லுவாள். வாயில் என்னத்தை வைத்துக்கொண்டு பேசுவாளோ, ஒரு வார்த்தை புரியாது. மழை பெய்தால் ஜன்னல் மூடாது, வெயிலடித்தால் திறக்காது. மின்விசிறி தானாகச் சுற்றியதாகச் சரித்திரமே இல்லை. கம்பிக்குள் சீப்பை விட்டு ஒரு தள்ளு தள்ளினால்தான் முனகிக்கொண்டே கிளம்பும். பக்கத்தில் நிற்பவனின் முழங்கை நம் விலாவில் இருக்கும், எதிரே நிற்பவளின் ஈரக்குடை நம் மடியில் சொட்டும். வாசலில் ஒருத்தன் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று உயிரை வாங்குவான், அவன் மட்டும் ஒரு அங்குலம் நகரமாட்டான். போக ஒரு மணி பத்து நிமிஷம், வர ஒரு மணி பத்து நிமிஷம். ஆயுசில் இரண்டரை வருஷம் அந்தப் பெட்டிக்குள்ளேயே போயிற்று.

போகட்டும். அந்தப் பெட்டியில்தானே தூங்குமூஞ்சி இருந்தாள்.

பின்னாலிருந்து மூன்றாவது பெட்டி, வலது பக்கம், எதிரெதிராக மூன்று மூன்று பேர் உட்காரும் இடம். அங்கே வழக்கமாக வருகிறவர்கள் யாரும் யாரையும் பெயர் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று சட்டமா? இல்லை. முதல் வாரம் கேட்க வெட்கம், முதல் மாதம் கேட்கச் சோம்பல், பத்து வருஷம் போன பிறகு போய், "ஆமா, உங்க பேரு என்ன?" என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது? அதனால் பொய்ப்பல் செய்யும் கடையில் வேலை பார்ப்பவர் பல்செட் ஆனார். காலர் தைக்கிறவள் காலர் அக்கா ஆனாள். உட்கார்ந்து இருபது நிமிஷத்தில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறவள் வேறென்ன ஆவாள்?

தூங்குமூஞ்சி முதல் ஸ்டேஷனில் ஏறுவாள். ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து இடத்தில் தன் பையை வைத்துவிடுவாள். இரண்டு ஸ்டேஷன் தள்ளி காலர் அக்கா ஏறும்வரை அந்த இடத்துக்கு ராஜாவே வந்து கேட்டாலும் கிடைக்காது. "ஆள் வருது" என்பாள். "எங்கம்மா ஆள்?" என்று யாராவது சண்டைக்கு வந்தால், "உனக்குக் கண்ணு தெரியலன்னா நான் என்ன பண்றது, வந்துக்கிட்டே இருக்கு" என்பாள். காலர் அக்காவுக்குக் காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். பகல் முழுக்க மெஷின் மிதிக்கும் கால். காலையில் ஒரு மணி நேரம் நின்றால் அன்றைக்கு அது கால் இல்லை, கட்டைதான்.

முதல் இருபது நிமிஷம் தூங்குமூஞ்சியின் பேச்சு. புருஷன் பல்லிக்குப் பயந்து குளியலறைக் கதவைத் திறந்து வைத்தே குளிப்பது, மாமியாரின் இருமல், மகன் கணக்கில் தோற்றது, மறுபடியும் தோற்றது, அப்புறம் ஒருவழியாகத் தேறியது, அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்தது, வேலை செய்யும் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மூக்கு என்று ஒரு மேற்பார்வையாளர் படுத்தும் பாடு. எல்லாம் தவணை முறையில் வரும். "மிச்சம் நாளைக்கு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுவாள். மூடினால் அவ்வளவுதான், இடி விழுந்தாலும் தெரியாது. காலையில் மூன்றரை மணிக்கு எழுந்து படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மாமியாரைத் துடைத்துவிட்டு, சமைத்துவிட்டு வருகிறவள். அவள் ஒழுங்காகத் தூங்குவது அந்த ரயிலில் மட்டும்தான். அவள் இறங்கும் பாலத்தடி ஸ்டேஷன் வருவதற்குச் சற்று முன்னால் காலர் அக்கா அவள் முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டுவாள். தூங்குமூஞ்சி திடுக்கிட மாட்டாள். பையை எடுப்பாள், இறங்குவாள், ஜன்னல் வழியே "வரேன்க்கா" என்பாள். பத்தொன்பது வருஷத்தில் ஒரே ஒரு நாள்கூடக் காலர் அக்கா தட்டத் தவறியதில்லை. காய்ச்சலடித்த அன்றும் தட்டினாள். சொந்த அக்கா இறந்த மறுவாரம், அழுதுகொண்டே உட்கார்ந்திருந்த அன்றும் தட்டினாள்.

வேலைக்கு முழுக்குப் போட இன்னும் பதினெட்டு நாள் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமைதான் அந்தக் கூத்து நடந்தது.

காலர் அக்கா வழக்கம்போல ஏறி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனாள். அவள் இடத்தில் ஒரு சின்னப் பெண் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூங்குமூஞ்சியின் பை தூங்குமூஞ்சியின் மடியிலேயே இருந்தது. அதுமட்டுமா, அவள் கண்ணையும் மூடியிருந்தாள், ஏறி மூன்று ஸ்டேஷன்கூட ஆகவில்லை. பல்செட் தர்மசங்கடமாக நெளிந்து, "நான் வேணா எந்திரிக்கட்டுமா?" என்றார்.

"வேணாம் சார். நமக்கென்ன, கால் இருக்கு. நிப்போம்" என்றாள் காலர் அக்கா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. தூங்குமூஞ்சி கண்ணைத் திறக்கவில்லை.

கோபம் காலர் அக்காவுக்குச் சாதாரணமாக மூக்கு நுனியில் இருக்கும். அன்றைக்கு உச்சந்தலைக்குப் போயிற்று. போகப்போகிறவள்தானே, இனி இவளுக்கு எதற்கு இடம் என்று நினைத்துவிட்டாளா? பதினெட்டு நாள் பொறுக்க முடியவில்லையா? கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கோபம் ஒரு பங்கு ஏறியது. பாலத்தடி நெருங்கும்போது கை தானாக நீண்டது. நீண்ட கையை மடக்கிக்கொண்டாள். ஒரு நாள் தெரியட்டும் என்று நினைத்தாள். சத்தியமாக அதுதான் நினைத்தாள், வேறு பெரிய கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வண்டி நின்றது, கதவு திறந்தது, ஜனம் இறங்கியது, கதவு மூடியது.

இரண்டு ஸ்டேஷன் தள்ளி, தொழிற்சாலைக்காக இவள் இறங்கும்போது தூங்குமூஞ்சி கண்ணைத் திறந்து இவளைப் பார்த்தாள். அவளும் இறங்கி, எதிர்த் திசை வண்டிக்காக அடுத்த நடைமேடைக்குப் படியேறிப் போனாள். காலர் அக்கா பின்னாலேயே ஓடியிருக்கலாம். வீம்பு விடவில்லை.

மறுநாள் தூங்குமூஞ்சி வரவில்லை. ஜன்னலோரம் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அதற்கடுத்த நாளும் இல்லை. வெள்ளிக்கிழமை பல்செட் கேட்டார், "உடம்பு கிடம்பு சரியில்லையோ? ஒரு போன் போட்டுப் பாருங்களேன்."

"நம்பர் தெரியாது சார்."

"வீடு?"

"முதல் ஸ்டேஷனுக்குப் பக்கத்துல. மாடி. கீழ் வீட்டுல தையல் டீச்சர்."

"தெரு?"

காலர் அக்காவுக்கு அந்த வீட்டில் எந்தக் குழாய் ஒழுகும், எந்தச் சுவரில் ஈரம் ஏறும் என்பதெல்லாம் தெரியும். தெரு தெரியாது. பெயர் தெரியாது. அன்றைக்குத் தைத்த காலர்களில் நாற்பதைப் பிரித்துத் தைக்க வேண்டி வந்தது. முப்பத்தொரு வருஷத்தில் அவளுக்கு நடக்காத அவமானம்.

அடுத்த வாரம் முழுக்க அவள் இல்லை. காலர் அக்காவுக்கு ராத்தூக்கம் போயிற்று. அன்று வேலைக்குத் தாமதமானதால் மூக்கு சீட்டைக் கிழித்துவிட்டாரா? மாமியாருக்கு ஏதாவது ஆயிற்றா? வேறெதுவாக இருந்தாலும் இருக்கட்டும், இன்னும் சில நாளில் தன் சீசன் டிக்கெட் முடிந்துவிடும். அதன் பிறகு ஆறு ஐம்பதில் தனக்கு என்ன வேலை? கடைசி நாளான வெள்ளிக்கிழமைக்குள் அவளைப் பிடிக்காவிட்டால் இந்த ஜன்மத்தில் பிடிக்க முடியாது, மன்னிப்பும் கேட்க முடியாது. வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர், "ஒரு நாள் எழுப்பாததுக்கா இந்தப் பாடு?" என்றார். அவருக்கு என்ன தெரியும், அவர் வாழ்நாள் முழுக்க வேலைக்கு நடந்தே போனவர்.

கடைசி வாரம் புதன்கிழமை காலர் அக்கா பாலத்தடியில் இறங்கிவிட்டாள். பல்செட் ஜன்னல் வழியே, "அக்கா, உங்க ஸ்டேஷன் இது இல்ல!" என்று கத்தினார். பாவம், நல்ல மனுஷர்.

பத்தொன்பது வருஷமாக நடைமேடையை மட்டும் பார்த்த ஊர் அது. ஆனால் வெளியே வந்ததும் கால் தயங்கவே இல்லை. பாலத்துக்கு அடியில் போக வேண்டும், சைக்கிள் கடையைத் தாண்டினால் எடை பார்க்கும் மெஷின் வைத்த மருந்துக்கடை, அங்கே வலது பக்கம் திரும்ப வேண்டும், தண்ணீர் தேங்கும் இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். தண்ணீர் தேங்கியிருந்தது, காலர் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். மருத்துவமனையின் பின்பக்கத்துப் பச்சைக் கேட் வெளுத்துச் சாம்பல் நிறம் ஆகியிருந்தது. அதற்குப் பச்சை வண்ணம் பூசிய வாரம் தூங்குமூஞ்சியின் பையில் பூச்சு ஒட்டிக்கொண்டது, மூன்று நாள் அதைப் பற்றியே புலம்பினாள். ஒரு தடவைகூட வராத பாதை இது. ஆனாலும் இங்கேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரி அத்தனையும் தெரிந்திருந்தது.

உள்ளே சலவைக்கூடம். ஆள் உயரத்துக்குச் சுழலும் உருளைகள், ஆவி, சோப்பு நெடி. வாசல் மேஜையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் யார் என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. முகத்தில் முதலில் தெரிந்ததும் கடைசியில் தெரிந்ததும் அந்த மூக்குதான்.

"யாரும்மா வேணும்?"

"இங்க வேலை பாக்குறவங்க. விரிப்பு தேய்க்கிறவங்க."

"பதினாறு பேர் இருக்காங்க. பேரு?"

"தெரியாதுங்க."

"உறவா?"

"பழக்கம்."

"எத்தனை நாளாப் பழக்கம்?"

"பத்தொம்பது வருஷம்."

மூக்கு பேனாவைக் கீழே வைத்தார். "பத்தொம்பது வருஷப் பழக்கம், பேரு தெரியாது."

"மாமியார் படுத்த படுக்கை. மகன் கணக்குல ரெண்டு தடவை போயிட்டான். புருஷனுக்குப் பல்லின்னா பயம்."

"புருஷன் பல்லிக்குப் பயப்படுறதெல்லாம் இங்க ரெஜிஸ்டர்ல இருக்காதும்மா."

"காலைல வந்ததும் தண்ணி குடிச்சிட்டு, பின்பக்கத்து மேஜையில மூணாவது இஸ்திரிப் பெட்டி கிட்ட நிப்பாங்க. அங்க வெளிச்சம் சரியில்லன்னு நாலு வருஷமா கேக்குறாங்க, அவங்களோட மூ..." என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள் காலர் அக்கா.

"அவங்களோட?"

"அவங்களோட மேற்பார்வையாளர் ரொம்ப நல்லவர்னு சொல்லுவாங்க."

மூக்கின் முகம் மலர்ந்தது. அப்படியொரு வார்த்தையை அந்தக் கட்டடத்தில் அவர் கேட்டதே இல்லை போலும். ரெஜிஸ்டரைத் திருப்பி, விரலை வைத்து, ஒரு பெயரைச் சொன்னார். ராணிக்கு வைக்கிற பெயர். அந்தப் பெயருக்கும் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறவளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அது இங்கே எதற்கு? காலர் அக்காவே அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

"வேலையில இருக்காங்களா?" என்று நடுக்கத்தோடு கேட்டாள்.

"ஏன், எங்க போகப்போறாங்க? பின்னாடி மடிச்சிட்டிருக்காங்க. போய்ப் பாருங்க, பத்து நிமிஷம்தான்."

நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த பாறை ஒன்று இறங்கியது. இறங்கிய இடத்தில் கோபம் ஏறியது. உயிரோடுதான் இருக்கிறாளா? அப்படியென்றால் பத்து நாள் எங்கே போனாள்?

பின்கட்டில் தூங்குமூஞ்சி தனியாக நின்று ஒரு பெரிய விரிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கூட மடிக்கிறவள் டீ குடிக்கப் போயிருந்தாள். காலர் அக்காவைப் பார்த்ததும் கை நின்றது. காலர் அக்கா போய் விரிப்பின் மறு முனையை எடுத்துக்கொண்டாள். அவளுக்குத் துணியைக் கையில் கொடுத்தால் போதும்.

இழுத்தார்கள், உதறினார்கள், பாதியாக மடித்தார்கள்.

"வேற வண்டியா?" என்றாள் காலர் அக்கா.

"ஆறு இருபது."

"உட்கார இடம் கிடைக்குதா?"

"கிடைக்குது. தூக்கம்தான் வரல. யாரு எழுப்புவா?"

காலர் அக்காவுக்குச் சுருக்கென்றது. "தப்புதான். நான் பண்ணது தப்புதான்டி. உன்னை எழுப்பாம விட்டது கால்வலியில வந்த கொழுப்பு. அன்னிலேர்ந்து நான் ஒழுங்காச் சாப்பிடல. நீ என்னை நாலு வார்த்தை திட்டிடு, வாங்கிக்கிறேன். ஆனா இப்படி வராம இருக்காதே."

தூங்குமூஞ்சி அடுத்த விரிப்பை எடுத்தாள். "அக்கா, அன்னிக்கு நான் தூங்கல."

"என்னது?"

"தூங்கினா என் வாய் எப்படி இருக்கும்னு அந்தப் பெட்டிக்கே தெரியும். உனக்குத் தெரியாதா? மூடியிருந்துச்சா இல்லையா?"

காலர் அக்கா யோசித்தாள். மூடித்தான் இருந்தது. இறுக்கமாக மூடியிருந்தது. கோபத்தில் யார் வாயைப் பார்த்தார்கள்?

"அப்ப பாலத்தடி வந்தது தெரியுமா?"

"தெரியும். வண்டி நின்னது தெரியும், கதவு தொறந்தது தெரியும். நீ தட்டுவே, தட்டுவேன்னு இருந்தேன்."

"முழிச்சிருக்கிறவ எறங்க வேண்டியதுதானேடி, பாவி!"

"எறங்கியிருக்கலாம். நீ தட்டாம எறங்கினதில்லையே."

விரிப்பின் இரண்டு முனைகளையும் சேர்க்க இருவரும் கிட்டே வர வேண்டியிருந்தது. கிட்டத்தில் பார்த்தபோது தூங்குமூஞ்சியின் கண்ணுக்குக் கீழே கருவளையம் இறங்கியிருந்தது. இந்தப் பத்து நாளில் மனுஷி உருக்குலைந்து போயிருந்தாள். காலர் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுகிற ஜாதி இல்லை அவள்.

"சரி. அந்த இடத்தை ஏன் குடுத்தே? அதைச் சொல்லு. பத்தொம்பது வருஷமா யாருக்கும் குடுக்காத இடம். நான் போறதுக்கு முன்னாடியே என்னைத் தள்ளிட்டியே."

தூங்குமூஞ்சி கையிலிருந்த விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நாள் எண்ணிக்கிட்டுத்தான்க்கா இருந்தேன். வெள்ளிக்கிழமையோட நீ வரமாட்டே. திங்கக்கிழமை நான் பை வெச்சு யாருக்கு இடம் பிடிக்கிறது? எவளாவது வந்து உட்காரத்தான் போறா. அது எப்படி இருக்கும்னு ஒரு நாள் பழகிப் பார்ப்போம்னு பையை மடியில எடுத்து வெச்சேன். அந்தப் பொண்ணு வந்து உட்கார்ந்துச்சு."

காலர் அக்கா அவள் அணைத்திருந்த விரிப்பின் ஒரு முனையைப் பிடித்து நீவிவிட்டாள்.

"பழகுச்சா?"

"கண்ணைத் தொறந்தாத்தானேக்கா பழகும்" என்றாள் தூங்குமூஞ்சி.